கைபேசியில் சேர்ந்து படிக்க ஓர் ஆப்: யாரும் வெளியே நிற்காதபடி வடிவமைப்பது எப்படி?

மும்பைத் தமிழ்ப் படிப்புக் குழுக்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

தாராவி, சயன், மாட்டுங்கா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் மாலை ட்யூஷன் நடத்துகிறவர்களுக்கும், அவர்களுக்காக ஆப் எழுதித் தர முன்வருகிற இளைஞர்களுக்கும். மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அவற்றில் ஒன்று. மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்று 2020ல் சட்டம் வந்தது. ஆக, இங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழ், மராத்தி, இந்தி, இங்கிலீஷ் என்று நான்கு மொழிகளோடு மல்லுக்கட்டுகிறது. வீட்டில் மராத்தி எழுதத் தெரிந்த பெரியவர்கள் பல குடும்பங்களில் இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைதான் துணை. அதனால்தான் தனியாகப் படிக்கும் ஆப்பைவிடச் சேர்ந்து படிக்கும் ஆப் இங்கே அதிகம் உதவும். அந்தக் குழுவில் கண் தெரியாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், அப்பாவின் பழைய போனை வைத்திருக்கும் பிள்ளையும் இருப்பார்கள் என்று முதல் நாளே வைத்துக்கொண்டு வடிவமைக்க வேண்டும்.

எல்லாருக்கும் எட்டும் வடிவமைப்பு என்றால் பார்வையற்றோருக்கான வசதி மட்டும்தானா?

இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தோரு வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. மங்கலான பார்வை, காது கேளாமை, பெருமூளை வாதம், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் வரும். டிஜிட்டல் சேவைகள் எட்டுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தருமம் பார்த்துச் செய்யும் வேலை இல்லை, உரிமை.

சட்டத்தின் பட்டியலில் வராத தடைகளும் உண்டு. ஒரே அறை, பக்கத்தில் தையல் மெஷின் ஓடுகிறது: ஒலிக்குறிப்பு கேட்காது. திரையில் விரிசல்: மேல் மூலையில் இருக்கும் பட்டன் வேலை செய்யாது. நண்பகல் வெயிலில் வாசலில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு வெளிர் சாம்பல் எழுத்து தெரியாது. காது கேளாதவருக்கு எழுத்து வடிவம் கொடுத்தால் தையல் மெஷின் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்தே கொடுத்தாகிவிடுகிறது.

தனியாகப் படிக்கும்போது நன்றாக வேலை செய்கிற ஆப், குழு வசதி சேர்த்ததும் ஏன் சிலருக்குப் பயன்படாமல் போகிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான். தனியாகப் படிக்கும்போது திரை உங்கள் வேகத்துக்கு நிற்கும். நீங்கள் தொட்டால் மாறும், தொடாவிட்டால் அப்படியே இருக்கும். குழுவில் நீங்கள் தொடாதபோதும் மாறிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் ஒரு கண்வீச்சில் 'புதிதாக மூன்று பதில் வந்திருக்கிறது, இரண்டாவது பதிலை யாரோ திருத்துகிறார்' என்று பிடித்துவிடுவார். திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வழியாகக் கேட்கிறவருக்கு ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகத்தான் வரும், அதுவும் அவர் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே வரும்.

பொதுவாக மூன்று இடங்களில் உடையும். எது மாறியது, யார் மாற்றினார் என்று தெரியாமல் போவது முதலாவது. இரண்டாவது வேகம்: எட்டுப் பேர் கடகடவென்று தட்டச்சு செய்யும்போது, ஒரு விரலால் எழுதுகிறவர் வரியை முடிப்பதற்குள் பேச்சு அடுத்த கணக்குக்குப் போய்விடும். மூன்றாவது, பங்கு. காணொளியைப் பார்க்க முடியும், பதில்களைப் படிக்க முடியும், ஆனால் பதில் போட முடியாது. அந்தப் பிள்ளை குழுவில் இருப்பதாகக் கணக்கில் வரும், நடப்பதோ வேடிக்கை பார்ப்பதுதான்.

ஆகவே எந்த வசதியைச் சேர்க்கும்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கண்ணை மூடிக்கொண்டோ, ஒலியை அணைத்துவிட்டோ, ஒரு விரலை மட்டும் வைத்தோ இந்தக் குழுவில் ஒருவர் தன் முறையை எடுத்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடியுமா? முடியாது என்றால், படிக்க மட்டும் முடிவது போதாது.

மற்றவர்கள் செய்யும் மாற்றத்தைத் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவருக்கு எப்படித் தெரிவிப்பது?

ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டிலுமே 'இந்தப் பகுதி மாறினால் வாசி' என்று குறிக்க முடியும். வலைப்பக்கத்தில் அதற்கு ஏரியா-லைவ் (aria-live) என்ற பண்பு. அதில் இரண்டு நிலை: பொறுமையாக, அவசரமாக. அவசரத்தை 'இணைப்பு அறுந்துவிட்டது', 'உங்கள் பதில் அனுப்பப்படவில்லை' போன்றவற்றுக்கு மட்டும் வையுங்கள். நண்பர் ஒருவர் எழுதத் தொடங்கியதையெல்லாம் அவசரமாக அறிவித்தால், பாதி வாசிப்பில் குரல் அறுந்து அறுந்து, கடைசியில் அந்தப் பிள்ளை ஆப்பையே மூடிவிடும்.

மாற்றங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். 8 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை 'கவிதாவும் இன்னும் இருவரும் பதில் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஒரே வரி போதும். விவரம் வேண்டுகிறவருக்கு 'புதியவை' என்று ஒரு பட்டன். அதைத் தட்டினால் கடைசியாகப் படித்த இடத்துக்குப் பிறகு வந்தவை மட்டும் வரிசையாக வர வேண்டும். 'கவிதா தட்டச்சு செய்கிறார்' என்ற அறிவிப்பை வாசிக்கவே வேண்டாம்.

இதைவிட அடிக்கடி நடக்கிற தவறு, நகரும் பட்டியல். புதிய பதில் மேலே வந்து விழுந்ததும் பட்டியல் முழுவதும் கீழே தள்ளப்படும், வாசிப்புக் குறி தொலைந்து திரையின் உச்சிக்குப் போய்விடும். பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைவதுதான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு பதிலுக்கும் மாறாத அடையாள எண் கொடுத்து, மாறிய வரியை மட்டும் புதுப்பித்தால் குறி நின்ற இடத்திலேயே நிற்கும். புதியவை கீழே சேரட்டும். விருப்பு எண்ணிக்கை வைத்து வரிசையைத் தானாக மாற்றும் வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள், அல்லது பயன்படுத்துகிறவர் கேட்டால் மட்டும் மாற்றுங்கள்.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? நிறம்?

ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) சொல்கிறது, திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 புள்ளி. 2023 அக்டோபரில் வந்த வலை அணுகல் வழிகாட்டி 2.2 பதிப்பு இரண்டாம் நிலைத் தகுதிக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. அது கடைசி எல்லை. கை நடுங்குகிறவருக்கு 48 வையுங்கள், பட்டன்களுக்கு நடுவே 8 டிபி இடைவெளி விடுங்கள். 'அனுப்பு' பக்கத்தில் 'அழி' வைக்காதீர்கள். முக்கியமான பட்டன்கள் திரையின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கும் பட்டன் விளிம்புக்கும் 3க்கு 1. சரி பச்சை, தவறு சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாமல் குறியையும் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்று பிரித்திருந்தால் நிறத்தோடு பெயரும் வர வேண்டும்.

தமிழ் எழுத்தைப் பெரிதாக்கினால் திரை உடைகிறதே?

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். இங்கிலீஷ் சொல்லை வைத்து அளவெடுத்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் 130 விழுக்காட்டிலேயே வெட்டுப்படும், 'சமர்ப்...' என்று நிற்கும். மூன்று செயல்கள் சேர்ந்து இதைத் தீர்க்கும். பட்டனுக்கு உயரத்தையும் அகலத்தையும் எண்ணாகக் கட்டிப்போடாமல் எழுத்தோடு வளர விடுங்கள். பக்கத்தில் பக்கமாக இருக்கும் பட்டன்கள் இடம் போதாதபோது ஒன்றின்கீழ் ஒன்றாக வரட்டும். சொல்லையும் சுருக்குங்கள்: 'அனுப்பு', 'சேர்', 'கேள்' போதும்.

வரி உயரம் எழுத்தளவின் 1.5 மடங்குக்குக் குறையக் கூடாது. குறைந்தால் மேல்வரியின் கீழ்க்கொக்கியும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். மங்கலான பார்வை உள்ளவர் புள்ளியைத் தவறவிட்டால் 'கல்' 'கல' ஆகிவிடும். புள்ளி தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. மும்பையிலேயே இயங்கும் ஏக் டைப் குழுவின் முக்தா மலரும் நல்லது. அதே குடும்பத்தின் முக்தாவில் தேவநாகரியும் இருப்பதால் தமிழும் மராத்தியும் ஒரே திரையில் வரும்போது கண்ணுக்கு ஒத்துப்போகும். இரண்டும் இலவசம். பழைய போனில் இருக்கும் எழுத்துருவை நம்பாமல் ஆப்புடனேயே சேர்த்து அனுப்புங்கள்.

பிள்ளை சரியாக எழுதியும் ஆப் 'தவறு' என்கிறது. ஏன்?

தமிழில் இது அடிக்கடி நடக்கும், பிள்ளையின் மனத்தை நேராகக் காயப்படுத்தும். காரணம் யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில், இருக்கிறது.

'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. விசைப்பலகைக்கு விசைப்பலகை மாறும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) முறையில் இயல்பாக்கினால், அதாவது ஒரே குறியீட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது தீர்ந்துவிடும்.

இயல்பாக்கத்தில் தீராதவையும் உண்டு. 'கௌ' என்பதன் பின்பாதிக்குப் பதில் ள எழுத்தைத் தட்டியிருப்பார்கள். 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் இருக்கும். 'க' இருக்கும் இடத்தில் தமிழ் எண் ௧ இருக்கும். ஸ்ரீயை ஸ எழுத்தாலும் எழுதுவார்கள், 2005ல் யூனிகோடில் சேர்ந்த ஶ எழுத்தாலும் எழுதுவார்கள். வேறு இடத்திலிருந்து ஒட்டியபோது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் கூடவே வந்திருக்கும். இவற்றுக்கென ஒரு மாற்றுப் பட்டியலை நீங்களே எழுதி, இயல்பாக்கத்துக்குப் பின் ஓட்டுங்கள். கடைசியில் ஓரிடைவெளி கூடுதலாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

எழுத்தெண்ணும் விளையாட்டுகளிலும் இதே சிக்கல். 'கொக்கு' மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் நீளக்கணக்கு 6 என்று சொல்லும், எழுத்தையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். எழுத்துத் தொகுதிகளாகப் பிரிக்கும் செக்மென்டரைப் பயன்படுத்தினால் 3 வரும். 'க்ஷ' இரண்டாகவே வரும், அதைத் தனியாகக் கையாளுங்கள்.

ஒரே பக்கத்தில் தமிழ், மராத்தி, இங்கிலீஷ் கலந்து வருகிறது. திரைவாசிப்பான் உளறுகிறதே?

எந்தப் பகுதி எந்த மொழி என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது தமிழ்க் குரலிலேயே மராத்தியை வாசிக்க முயலும், அல்லது அந்த வரியை விழுங்கிவிடும். வலைப்பக்கமானால் ஒவ்வொரு துண்டுக்கும் மொழிக் குறிப்பு கொடுங்கள். ஆண்ட்ராய்டில் லோகேல்ஸ்பேன் அதே வேலையைச் செய்யும். குழு உறுப்பினர்கள் எழுதுவதில் மொழி முன்கூட்டித் தெரியாது, ஆனால் எழுத்து வடிவத்தை வைத்துப் பிரிக்கலாம்: தமிழ் எழுத்து வந்தால் தமிழ், ரோமன் வந்தால் இங்கிலீஷ். தேவநாகரி மராத்தியாகவும் இருக்கலாம், இந்தியாகவும் இருக்கலாம். பாடம் எது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரோமன் எழுத்தில் தமிழ் தட்டச்சு செய்கிற பழக்கம் எங்கும் உண்டு. இங்கிலீஷ் குரல் அதை வாசித்தால் ஒன்றும் விளங்காது. தடை போட வேண்டாம். தட்டும்போதே தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் விசைப்பலகையை முதல் நாளே அமைத்துக் கொடுங்கள், கூடவே பேசி எழுதும் மைக் பட்டனையும் காட்டிவிடுங்கள். போனில் தமிழ்க் குரல் இறங்கியிருக்கிறதா என்றும் ஆப் சரிபார்க்க வேண்டும். பல போன்களில் குரல் கோப்பு இறங்கியிருக்காது. இணைப்பு இல்லாதபோது ஊமையாகிவிடும்.

ஒலிக்குறிப்பு வைக்கலாமா? காது கேளாத பிள்ளை என்ன செய்யும்?

வைக்க வேண்டும். எழுதச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் விநாடிக்கு 16 கிலோபிட் வைத்தால் பேச்சு தெளிவாகவே இருக்கும். ஒரு நிமிடம் 120 கிலோபைட்தான். ஆண்ட்ராய்டு 10க்கு முந்தைய போன்கள் ஓபஸை ஒலிக்கும், ஆனால் அவற்றின் சொந்த வசதியால் பதிய முடியாது. அங்கே ஏஏசி என்ற இன்னொரு ஒலிச்சுருக்க முறையில் பதியுங்கள். ஒரு குறிப்புக்கு 60 விநாடி எல்லை வையுங்கள். நீளமான குறிப்பில் எங்கே என்ன சொன்னார் என்று திரும்பத் தேடுவது எல்லாருக்குமே கஷ்டம்.

ஒவ்வொரு ஒலிக்குறிப்புக்குக் கீழும் எழுத்து வடிவம் இருக்க வேண்டும். தானாக எழுதும் மென்பொருள் தமிழில் ஓரளவு எழுதும். திருநெல்வேலிப் பேச்சும் பம்பாய் இந்தியும் கலந்த பிள்ளைப் பேச்சில் நிறையத் தடுமாறும். ஆகவே மென்பொருள் எழுதியதை 'திருத்தப்படாதது' என்று குறித்துக் காட்டி, குழுவில் யாராவது ஒருவர் திருத்தும்படி வையுங்கள். அதை ஒரு முறைப் பணியாக்கினால் இரண்டு நன்மை: காது கேளாத பிள்ளைக்குப் பாடம் கிடைக்கிறது, திருத்துகிறவர் எழுத்துப் பயிற்சி பெறுகிறார். திருத்தும் வரை அந்தக் கேள்வியை மூடாமல் வைப்பது நல்ல விதி.

சைகை மொழிக் காணொளி என்றால் படத்தின் தெளிவைக் குறைத்தாலும் வேகத்தைக் குறைக்காதீர்கள். விநாடிக்கு 20 படத்துக்கு மேல் இருந்தால் விரலசைவு புரியும். 12க்குக் கீழே போனால் சைகை குழம்பும். இணைப்பு மோசமாகும்போது பல காணொளி மென்பொருள்கள் இரண்டையும் குறைக்கும் அமைப்பில் வருகின்றன. அந்த அமைப்பைத் தேடி, வேகத்தைக் காப்பாற்றும் பக்கம் திருப்பிவிடுங்கள். கைகளும் முகமும் சேர்ந்து தெரியும்படி, இடுப்புக்கு மேல் சட்டம் வர வேண்டும். முகபாவமும் சைகை மொழியின் இலக்கணம்தான்.

நேரலை வகுப்பு இல்லாமல் குழுப் படிப்பு நடக்குமா?

நடக்கும், பெரும்பாலும் இன்னும் நன்றாக நடக்கும். நேரலையில் வேகமானவர் ஜெயிப்பார். ஒரு கேள்வியை இன்று மாலை 6 மணிக்குப் போட்டு நாளை மாலை 6 மணி வரை திறந்து வைத்தால், மெதுவாக எழுதுகிறவரும் வருவார், அப்பா வேலையிலிருந்து வந்த பிறகே போன் கிடைக்கிறவரும் வருவார். தன் பதிலைப் போட்ட பிறகே மற்றவர் பதில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் பதிலை எல்லாரும் நகல் எடுத்துவிடுவார்கள். நேரலை வைத்தே ஆக வேண்டும் என்றால் அரை மணிக்குள் முடித்து, முறை வைத்துப் பேசவிட்டு, பேசுகிறவர் பெயரை எழுத்திலும் காட்டுங்கள்.

இழுத்துப் பொருத்தும் விளையாட்டுகளும் பொது வெண்பலகையும்?

இழுக்கும் எதற்கும் தட்டும் வழி ஒன்று கட்டாயம், வலை அணுகல் வழிகாட்டி 2.2 பதிப்பின் விதிகளிலேயே இருக்கிறது. சொல்லைத் தட்டு, பிறகு இடத்தைத் தட்டு: முடிந்தது. டாக்பேக்கில் 'மேலே நகர்த்து, கீழே நகர்த்து' என்று தனிச் செயல்களையும் சேருங்கள்.

வெண்பலகை கடினம், ஒப்புக்கொள்ள வேண்டும். சின்னத் திரையில் ஐந்து பேர் கிறுக்கினால் பார்வை உள்ளவருக்கே புரியாது. பலகையில் போடும் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு பட்டியலாகவும் சேரட்டும்: 'முருகன்: முக்கோணம், பக்கங்கள் 3, 4, 5'. வரைந்தவர் ஒரு வரி விளக்கம் சொல்லாமல் 'முடித்தேன்' பட்டன் திறக்கக் கூடாது. விளக்கம் பேசியும் சொல்லலாம். வடிவியலுக்கு இது போதாது. கண் தெரியாத பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்கும் உருவம் வேண்டும், அதற்கு நேரில் ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும். எந்த ஆப்பும் அந்த இடத்தை நிரப்பாது.

வினாடி வினாவுக்கு நேரக்கெடு?

அணைக்கும் வசதி இருக்கட்டும், இயல்பாக அணைந்தே இருக்கட்டும். போட்டி வேண்டும் என்கிற குழுவுக்கு, ஒவ்வொருவரும் தன் பழைய நேரத்தோடு போட்டியிடும்படி அமையுங்கள்.

வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள். உள்நுழைவை எப்படி அமைப்பது?

எண்ணுக்கு ஒரு கணக்கு என்று வைத்தால் மூன்று பிள்ளைகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒரு எண்ணின்கீழ் பல பெயர்கள் வையுங்கள். எழுத்தளவு, குரல், நிறம் போன்ற அமைப்புகள் பெயரோடு போக வேண்டும், போனோடு போகக் கூடாது. இல்லாவிட்டால் அக்கா பெரிதாக்கி வைத்ததைத் தம்பி சின்னதாக்கிவிடுவான், தினமும் அதே சண்டை.

ஓடிபி ஒவ்வொரு தடவையும் கேட்காதீர்கள். அந்த எண்ணின் சிம் அப்பாவோடு அந்தேரியில் வேலை இடத்தில் இருக்கும், பிள்ளை அண்டைவீட்டு வைஃபையில் இருப்பாள். முதல் தடவை மட்டும் ஓடிபி. பிறகு ஆசிரியர் தரும் கியூஆர் அட்டை, அல்லது நான்கு படங்களை வரிசையாகத் தொடும் கடவுக்குறி. படங்களுக்குப் பெயர் இருந்தால் கண் தெரியாதவரும் அதையே பயன்படுத்தலாம். எழுத்தைக் கோணலாக்கிக் காட்டும் புதிர் எதுவும் வேண்டாம். ஓடிபி கட்டத்தை ஆறு தனிக் கட்டங்களாக உடைக்காமல் ஒரே கட்டமாக வைத்தால் ஒட்டவும் முடியும், திரைவாசிப்பானும் குழம்பாது.

தமிழில் அனுப்பும் எஸ்எம்எஸ் 70 எழுத்துக் குறியீட்டுக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் 67 குறியீட்டுத் துண்டுகளாகப் பிரிந்து செலவு இரட்டிக்கும். இங்கிலீஷுக்கு உள்ள 160 தமிழுக்குக் கிடையாது.

இணைப்பு வந்து வந்து போகிறது. இருவர் ஒரே பதிலைத் திருத்தினால்?

எல்லாவற்றையும் முதலில் போனிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் முறைதான் சரி. சேர்த்துப் பின்னுவதற்கு ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற இலவச நிரல் நூலகங்கள் இருக்கின்றன. அவை இருவரின் மாற்றங்களையும் இழப்பில்லாமல் சேர்த்துவிடும், ஆனால் சேர்ந்தது அர்த்தமாக இருக்கும் என்று உறுதி தராது. தமிழில் கூடுதலாக ஒரு கோளாறு உண்டு. 'கடை' என்ற சொல்லில் ஒருவர் க எழுத்தை நீக்குகிறார்; அதே நேரத்தில் இன்னொருவர் க எழுத்துக்குப் பின்னால் கால் சேர்க்கிறார். இரண்டும் பின்னப்படும்போது கால் அநாதையாகி, புள்ளிவட்டத்தோடு நிற்கும். திரைவாசிப்பான் அந்த இடத்தில் சொல்லைச் சரியாகப் படிக்காது.

எழுத்தளவில் சேர்ந்து திருத்துவதைக் கைவிடுவதே எங்கள் பரிந்துரை. ஒரு வாக்கியம் அல்லது ஒரு பதில் ஒரு நேரத்தில் ஒருவர் கையில். 'இப்போது ரேவதி திருத்துகிறாள்' என்று காட்டுங்கள். ஐந்து நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் பூட்டைத் திறந்துவிடுங்கள். மெதுவாக எழுதுகிறவர் 'இன்னும் நேரம் வேண்டும்' என்று நீட்டிக்க ஒரு பட்டன் இருக்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும். இணைப்பு இல்லாதபோது பூட்டு எட்டாது. அப்போது எழுதியதைத் தனிப் பதிப்பாகச் சேர்த்து, எது வேண்டும் என்று குழுவையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பேச்சிலும் பாடம் இருக்கிறது.

அனுப்பாமல் நிற்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: 'உங்கள் பதில் போனில் பத்திரமாக இருக்கிறது, இணைப்பு வந்ததும் போகும்.' சுழலும் வட்டம் மட்டும் போதாது. நோட்டுப் படங்களை நீளப்பக்கம் 1600 பிக்சலாகச் சுருக்கி அனுப்பினால் பல மெகாபைட் படம் சில நூறு கிலோபைட்டாகும், கையெழுத்தும் படிக்கத் தெரியும்.

பிள்ளைகளின் தகவலில் என்ன கவனிக்க வேண்டும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பதினெட்டு வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தையாகவே கொள்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். நடத்தையைப் பின்தொடர்வதும் இலக்கு விளம்பரமும் கூடாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, ஒலியாகவும் கொடுங்கள். போன் எண் குழுவில் யாருக்கும் தெரியக் கூடாது. ஒருவர் டாக்பேக் பயன்படுத்துகிறார் என்ற தகவலையும் சேமிக்காதீர்கள். அது அவருடைய உடல்நிலைத் தகவல்.

ஆப் 'நீ' என்று பேசலாமா, 'நீங்கள்' என்றா?

பிள்ளைகள் மட்டும் உள்ள குழுவில் 'நீ' நெருக்கமாக இருக்கும். அம்மாக்களும் சேரும் குழுவில் 'நீங்கள்' தவிர வேறு வழியில்லை. ஒன்றைத் தேர்ந்து முழுவதும் அதையே வையுங்கள். தவறு நேரும்போது குற்றம் சாட்டாமல் அடுத்து என்ன செய்வது என்று சொல்லுங்கள்: 'பெயர் இல்லாமல் சேர முடியாது. மேலே பெயரை எழுதுங்கள்.'

வாட்ஸ்அப் குழு போதாதா?

எட்டுப் பேருக்குக் கீழ், ஒரே பாடம் என்றால் போதும். திரைவாசிப்பானோடு ஒத்துழைக்கும், எல்லாருக்கும் தெரிந்தது. பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதும், பழைய கேள்வி தொலைந்துபோவதும், எண் எல்லாருக்கும் தெரிவதும் குறை. முதலில் அதிலேயே ஒரு மாதம் நடத்தி, எங்கே யார் விடுபடுகிறார் என்று பார்த்துவிட்டு ஆப் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

சோதனை எப்படிச் செய்வது?

கூகுளின் ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனரை ஒவ்வொரு திரையிலும் ஓட்டுங்கள். பெயரில்லாத பட்டன், சின்ன பட்டன், மங்கல் எழுத்து ஆகியவற்றை அது பிடித்துவிடும். குழுவில் வரும் கோளாறுகளை அது பிடிக்காது. அதற்கு இரண்டு போன் வேண்டும். ஒன்றில் டாக்பேக் போட்டு, திரையை மறைத்துவிடுங்கள். மற்றதிலிருந்து ஒரு நிமிடத்துக்குப் பத்துப் பதில் அனுப்புங்கள். மறைத்த போனில் ஒரு பதிலைப் படித்து, மறுமொழி எழுதி அனுப்ப முடிகிறதா? நடுவில் இணைப்பை அறுத்து மீண்டும் கொடுங்கள். பிறகு எழுத்தை 200 விழுக்காடாக்கி அதையே செய்யுங்கள். கடைசியாக ஒலியை முழுவதும் அணைத்துச் செய்யுங்கள். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய போன் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதில் டாக்பேக்கும் ஆப்பும் சேர்ந்து ஓடும்போது வரும் தாமதம் புதிய போனில் தெரியவே தெரியாது.

இது முடிந்த பிறகே பயன்படுத்துகிறவர்களிடம் போங்கள். மும்பையில் வழிகாட்டக்கூடிய இடங்கள் உண்டு: வொர்லியில் தேசியப் பார்வையற்றோர் சங்கம், செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியின் பார்வைக் குறையுள்ளோர் வள மையம், பாந்த்ராவில் அலி யாவர் ஜங் பேச்சு, செவித்திறன் நிறுவனம். சோதனைக்கு வருகிறவர்களின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். தனித்தனியாகச் சோதிக்காமல் மூன்று நான்கு பேரை ஒரே குழுவில் உட்காரவைத்து ஒரு பாடத்தை முடிக்கச் சொல்லுங்கள். யார் எத்தனை தடவை பேசினார், யார் சும்மா இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருந்தவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

ஒரே ஆள்தான் ஆப் எழுதுகிறார். எதை முதலில் செய்வது?

எல்லா பட்டனுக்கும் தமிழில் பெயர், நகராத பட்டியல், எழுத்து இயல்பாக்கம், ஒலிக்குறிப்பும் அதன் எழுத்து வடிவமும், போனில் சேமித்துப் பிறகு அனுப்புதல். இந்த வரிசையில். வெண்பலகை, நேரலை, பதக்கங்கள் எல்லாம் பிறகு. புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு தடவையும் இரண்டு போன் சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். அவசரத்தில் சேர்த்த ஒரு படப் பட்டன் பெயரில்லாமல் போய், டாக்பேக் அதை வெறும் 'பட்டன்' என்று வாசிப்பது பெரும்பாலும் இரண்டாம் பதிப்பில்தான் தொடங்கும்.